சிலிகான் ட்யூபைக் கீழ வைங்க சாமி!

ஒவ்வொரு வருஷமும் ஐப்பசி பொறந்தா ரெண்டு விஷயம் நிச்சயம். ஒண்ணு, வேளச்சேரியில தண்ணி நிக்கும். ரெண்டு, பழைய கார் வச்சிருக்கிற நம்ம மக்கள் ஆளுக்கொரு சிலிகான் ட்யூபைத் தூக்கிக்கிட்டு முன் கண்ணாடியைச் சுத்தி வரப்பு கட்டக் கிளம்பிடுவாங்க. முதல் மேட்டரைப் பத்தி எழுத ஊருல ஆயிரம் பேரு இருக்காங்க. ரெண்டாவதைப் பத்தி ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டேங்கிறாங்க. அதனால நான் திறக்கிறேன். கோவப்படுறவங்க பின்னூட்டத்துல வந்து திட்டிக்கலாம், கதவு திறந்தே இருக்கு :-)

சொல்ல வந்தது ஒரே விஷயம்தான். கண்ணாடி ஓரத்துல வெளியேருந்து பூசுற சிலிகான் ஒழுகலை நிறுத்துறதில்ல, மறைக்குது. ஒழுகுற கார் பொழைச்சுக்கும். ஒழுகுறது வெளிய தெரியாத கார் உள்ளுக்குள்ளயே செத்துடும். நம்ம ஊர்ல எஞ்சின் போய் செத்த பழைய கார்களை விட தரை உளுத்துச் செத்த கார்கள்தான் என் கண்ணுல அதிகம் பட்டிருக்கு.

எதைப் பத்திப் பேசுறோம்னு தெளிவாச் சொல்லிடுறேன். அம்பாசடர், பத்மினி (நம்ம ஊர் பாஷையில "பியட்டு"), மாருதி 800, ஆம்னி வகையறா. அம்பாசடர் உத்தரபாராவுல 2014 மே மாசத்தோட நின்னுச்சு. மாருதி 800 அதே வருஷம் ஜனவரியில. பத்மினி அதுக்கெல்லாம் ரொம்ப முன்னாடியே போயிடுச்சு. ஆக இதுல பெரும்பாலானதுக்கு இன்னிக்குப் பத்து வயசுக்கு மேல. மூத்ததுங்க தாத்தா பாட்டி. அந்த வயசுல முன் கண்ணாடி ரப்பர் எப்படி இருக்கும்? நம்ம ஊர் வெயில்ல வெந்து, சுருங்கி, கல்லு மாதிரி இறுகி, நாலு மூலையிலயும் பொளந்துதான் இருக்கும். அது வயசாளியோட தோலு மாதிரி. அது மேல க்ரீம் தடவிக்கிட்டே இருந்தா வாலிபம் திரும்பாது.

அந்த ரப்பருக்குள்ள என்ன இருக்கு?

இந்த வண்டிகள்ல கண்ணாடி பாடியில ஒட்டப்படல. ஒரு தடிமனான ரப்பர் வளையம் நடுவுல உக்காந்து ரெண்டையும் பிடிச்சுக்கிட்டு இருக்கு. அந்த ரப்பர்ல ரெண்டு பள்ளம். ஒரு பள்ளத்துல கண்ணாடியோட விளிம்பு. இன்னொண்ணுல பாடித் தகரத்தோட உதடு. பல மாடல்கள்ல வெளிப்பக்கம் மூணாவதா ஒரு பள்ளமும் இருக்கும், அதுலதான் அந்தப் பளபளன்னு மின்னுற குரோம் பீடிங் உக்காரும். அது வெறும் மினுக்குன்னு நினைக்காதீங்க. நிறைய வண்டியில அது ஆப்பு மாதிரி வேலை பாக்குது. ரப்பரோட உதட்டை நெட்டித் தள்ளி கண்ணாடி மேல அழுத்துறதே அதுதான்.

ஆக தண்ணி உள்ள வர ரெண்டு பாதை இருக்கு. கண்ணாடிக்கும் ரப்பருக்கும் நடுவுல ஒண்ணு, ரப்பருக்கும் தகரத்துக்கும் நடுவுல ஒண்ணு. ரெண்டாவது பாதையில போற தண்ணி வெளியேருந்து கண்ணுக்கே தெரியாது. மேல் மூலையில நுழைஞ்சு, ரப்பர் பள்ளத்துக்குள்ளயே வாய்க்கால் மாதிரி ஓடி, கீழ எங்கயோ நடுவுல டேஷ்போர்டு பின்னாடி சொட்டும். நீங்க சொட்டுற எடத்துக்கு நேரா வெளிய சிலிகான் அப்புவீங்க. தண்ணி நுழையிற எடம் ஒன்றரை அடி தள்ளி மேல உக்காந்து சிரிக்கும்.

அதோட போச்சா? முன்னாடி ஒழுகி வெளிய போயிட்டு இருந்த தண்ணிக்கு இப்ப வழியும் இல்ல. ரப்பர் பள்ளத்துக்குள்ள தேங்கி நிக்குது. பச்சைத் தகரம் ஊறுது. சென்னையில வருஷ மழையில பெரும்பகுதி அக்டோபர் டிசம்பருக்குள்ள கொட்டித் தீர்த்துடும். அந்த மூணு மாசம் அந்தத் தகர உதடு தண்ணியிலயே குடும்பம் நடத்துது. கடல் காத்து வேற. துரு பிடிச்சா அது இரும்பை விடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். பொங்கி ரப்பரைத் தூக்கும். ரப்பர் தூக்கினா இன்னும் தண்ணி. இன்னும் தண்ணின்னா இன்னும் சிலிகான். வட்டிக்கு வட்டி கட்டுற கதைதான்.

சிலிகான் ஏன் ஆகாது?

"நல்ல கம்பெனி சிலிகான்தான் சார், பாத்ரூமுக்கே அதான் போடுறாங்க." போடட்டும். பாத்ரூம் டைல்ஸ் துருப்பிடிக்காது, தகரம் பிடிக்கும்.

ட்யூபை அமுக்கினதும் வினிகர் வாசனை வருதே, கவனிச்சிருக்கீங்களா? அது அசிட்டிக் அமிலம். அந்த ரகம் காய ஆரம்பிச்சதும் அமிலத்தை வெளிய விடுது. ஏற்கெனவே பெயின்ட் போய் வெறுமையா நிக்கிற தகரத்து மேல அமிலம் விடுற பசையை நாமளே கைக்காசு குடுத்து வாங்கிப் பூசுறோம். இதை விடத் துருவுக்கு விருந்து வைக்க முடியாது.

வாசனை இல்லாத ரகமும் கிடைக்குது. அது அமிலம் விடாது, சரி. ஆனா எந்தச் சிலிகானா இருந்தாலும் காஞ்சதுக்கப்புறம் அது மேல பெயின்ட் நிக்காது, வேற பசை நிக்காது, இன்னொரு கோட்டு சிலிகான் கூட ஒழுங்கா நிக்காது. சுரண்டி எடுத்த பிறகும் ஒரு வழவழப்பு தங்கிடும். பின்னால எப்பவாவது முறையா வேலை செய்யணும்னு வர்ற ஆளுக்கு, பாதி நாள் அந்தப் பிசுக்கை எடுக்கவே போயிடும். இன்னிக்கு ஒரு இருநூத்துச் சொச்ச ரூபா ட்யூப்ல மிச்சம் பிடிச்சதை அன்னிக்குக் கூலியாக் குடுப்பீங்க.

எங்க தெருவுல ஒரு ரிட்டையர்டு போஸ்ட்மாஸ்டர். பத்மினி வச்சிருந்தார். வெள்ளைக் கலர், உள்ள சாமி படம், பின்னாடி கண்ணாடியில பேத்தி ஒட்டின ஸ்டிக்கர். பென்ஷன்ல பெட்ரோல் போட்டு ஓட்டின மனுசன். வருஷா வருஷம் மழைக்கு முன்னாடி ஒரு ஒர்க் ஷாப்புக்கு எடுத்துட்டுப் போவார். வருஷா வருஷம் அதே வசனம்.

"ஒண்ணும் பிரச்சினை இல்ல சார், சிலிகான் அடிச்சு விட்டுர்றேன். ஒரு மணி நேரம்."

"தம்பி, போன வருசமும் இதத்தானப்பா சொன்ன?"

"அது வேற இடம் சார். இது வேற இடம்."

கடைசியா அந்த பீடிங்கைக் கழட்டினப்ப நானும் கூட இருந்தேன். உள்ள சிலிகான் மண்ணடுக்கு மாதிரி இருந்துச்சு. வெள்ளை, கறுப்பு, நிறமில்லாதது, மறுபடி கறுப்பு. அதுக்குக் கீழ தகரத்து உதடு இருக்க வேண்டிய எடத்துல பழுப்புப் பொடிதான் இருந்துச்சு. விரலால தொட்டா உதிருது. கீழ மேட்டைத் தூக்கினா டிரைவர் சீட்டைப் பிடிச்சிருக்கிற போல்ட்டைச் சுத்தி தரையைக் காணோம். சீட்டு கிட்டத்தட்ட பழக்கதோஷத்துலதான் நின்னுக்கிட்டு இருந்துச்சு. எஞ்சின் அப்பவும் தையல் மெஷின் மாதிரி ஓடுது! டிங்கர் சொன்ன எஸ்டிமேட் அவரோட பென்ஷனுக்குள்ள அடங்கல. வண்டி புதுப்பேட்டைக்குப் போச்சு. அன்னிக்கு அவர் வாசப்படியில உக்காந்திருந்த கோலத்தைப் பாத்ததுலேர்ந்துதான் எனக்குச் சிலிகான் ட்யூபைப் பாத்தாலே பத்திக்கிட்டு வருது.

அப்ப என்னதான் பண்ணச் சொல்றீரு?

முதல்ல கண்டுபிடிங்க. எல்லா ஒழுகலுக்கும் கண்ணாடி காரணம் இல்ல. வைப்பர் தண்டு வெளிய வர்ற எடத்துல இருக்கிற சின்ன ரப்பர், கண்ணாடிக்குக் கீழ காத்து வர்ற சல்லடைக்கு அடியில இலை அடைச்ச வடிகால், கதவு பேடுக்குப் பின்னாடி கிழிஞ்சு போன பாலிதீன் ஷீட்டு, எஞ்சின் பக்கத்துலேர்ந்து ஒயர் உள்ள வர்ற ஓட்டை, இத்தனைக்கும் வாய்ப்பு உண்டு. ஏசி போட்ட வண்டியில தண்ணி வடியிற குழாய் அடைச்சா மழையே இல்லாம கால்மாட்டுல குளம் கட்டும். அதுக்கும் கண்ணாடியில சிலிகான் பூசின புண்ணியவான்களை எனக்குத் தெரியும்.

கண்டுபிடிக்க மெஷின் எல்லாம் வேணாம். மேட்டு, அதுக்குக் கீழ இருக்கிற சணல் எல்லாத்தையும் எடுத்து வெயில்ல போடுங்க. தரையைத் துடைச்சு நியூஸ்பேப்பர் விரிங்க. டேஷ்போர்டுக்குக் கீழ, கண்ணாடி ஓரத்துல டால்கம் பவுடர் தூவுங்க. தண்ணி போன தடம் அதுல கோடு கிழிச்ச மாதிரி தெரியும். உள்ள ஒருத்தர் டார்ச்சோட உக்காரணும், வெளிய ஒருத்தர் தோட்டத்து ஹோஸைப் பிடிக்கணும். பிரஷர் வேணாம், சும்மா வழிஞ்சாப் போதும். முக்கியம்: கீழேருந்து மேல போங்க. ஒவ்வொரு எடத்துலயும் அஞ்சு நிமிஷம். மேலேருந்து ஆரம்பிச்சா தண்ணி எல்லா எடத்தையும் நனைச்சிடும், அப்புறம் எது குற்றவாளின்னு பிரம்மாவாலயும் சொல்ல முடியாது. வாட்டர் சர்வீஸ் ஆளுங்க பம்பைப் போட்டு அடிச்சுக் காட்டுறது சோதனையே இல்ல, வேடிக்கை. அந்த வேகத்துக்கு புது வண்டியே ஒழுகும்.

கண்ணாடி ரப்பர்தான்னு உறுதியாச்சா? இப்ப பீடிங். இங்கதான் நம்மாளுங்க ஸ்க்ரூ ட்ரைவரை எடுத்துட்டு வந்து நெம்புவாங்க. உலோகப் பட்டை ஒரு தடவை மடங்கினா மடங்கினதுதான், தட்டி நிமித்தினாலும் சுருக்கம் தெரியும். நடுவுல ஜாயின்ட் மேல ஒரு சின்ன மூடி இருக்கும், அதை ஓரமா நகர்த்தி, ஜாயின்ட்லேர்ந்து விரல் விரலா, மரக்கட்டை ஆப்பு வச்சு எழுப்பணும். எப்படியும் ரப்பரை மாத்தப் போறீங்கன்னா அதை விடச் சுலபம்: ரப்பரோட வெளி உதட்டை பிளேடால அறுத்து விட்டா பட்டை தானா கையில வந்துடும். ரப்பர் இன்னும் கடையில கிடைக்கும், ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுல விசாரிச்சா வழி சொல்லுவாங்க. நல்ல பட்டை கிடைக்கிறது குதிரைக்கொம்பு. இதுல எதை வெட்டணும், எதைக் காப்பாத்தணும்னு யோசிக்க ஐஐடி படிப்பு வேணுமா?

கண்ணாடியை எடுக்க ரெண்டு பேர், கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி. பழசுல டஃபண்ட் கண்ணாடியா இருந்தா விளிம்புல ஒரு தட்டு தட்டினாப் போதும், கல்கண்டாக் கொட்டிடும்.

அப்புறம்தான் உண்மையான வேலை, எல்லாரும் தாண்டிக் குதிக்கிற வேலை. அந்தத் தகர உதடு. துருவை வெள்ளித்தகரம் தெரியிற வரைக்கும் தேய்க்கணும். உளுத்திருந்தா வெட்டிப் புதுத் தகரம் வெல்டு வைக்கணும். துரு மேல பட்டி போட்டு இழைச்சுத் தர்றேன்னு சொல்ற டிங்கரைக் கும்பிட்டு வழியனுப்பி வைங்க. எபாக்ஸி பிரைமர், அது மேல பெயின்ட், அது நல்லாக் காயிற வரைக்கும் பொறுமை. இன்னிக்கே வேணும்னு அவசரப்படுறவங்க இந்த வேலையைத் தொடவே கூடாது.

புது ரப்பரை ஒரு மணி நேரம் வெயில்ல போட்டு இளக விட்டு, முதல்ல கண்ணாடியில மாட்டிப் பாருங்க. மூலை சரியா உக்காரலைன்னா அப்பவே கடைக்குத் திருப்பிக் குடுங்க, லோக்கல் ரப்பர்ல அளவு தப்பறது சகஜம். உலோகப் பட்டையா இருந்தா பெரும்பாலும் இந்தக் கட்டத்துலயே ரப்பர்ல ஏத்திடணும், பாடியில உக்காந்ததுக்கப்புறம் ஏறாது. பிளாஸ்டிக் குரோம் நாடான்னா கடைசியா. அடுத்து, தகரம் உக்கார்ற பள்ளத்துல சுத்திலும் மெல்லிசான நைலான் கயிறு, ரெண்டு முனையும் கீழ நடுவுல ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உள்பக்கம் தொங்கணும். சோப்புத் தண்ணி தடவுங்க. தேங்காண்ணெய், கிரீஸ், எஞ்சின் ஆயில் எதுவும் ஆகாது, எண்ணெய் ரப்பரை உப்ப வச்சுக் கெடுத்துடும். வெளிய ஒருத்தர் உள்ளங்கையால அமுக்க, உள்ள ஒருத்தர் கயிறை இழுத்துக்கிட்டே வந்தா ரப்பர் உதடு தகரத்துக்கு மேல தாவி உக்காரும். முதல் தடவை பாக்குறப்ப மேஜிக் மாதிரி இருக்கும்.

பசையே கூடாதான்னு கேப்பீங்க. வேணும். ஆனா இறுகாத பசை. கண்ணாடி ரப்பருக்குன்னே வர்ற, எப்பவும் சூயிங்கம் மாதிரி இளகியே இருக்கிற சீலன்ட், இல்லைன்னா பியூட்டைல். அதை ரப்பருக்கு உள்ள, பள்ளத்துல போடணும். வண்டி குலுங்கும், தகரம் முறுக்கும், அதுவும் கூடவே அசையும். நாளைக்கே கழட்டணும்னாலும் கழட்ட முடியும்.

ஒரு எச்சரிக்கை. 90களுக்கு அப்புறம் வந்த பல வண்டிகள்ல கண்ணாடியை யூரித்தேன் பசையில ஒட்டியிருப்பாங்க. அதுல கண்ணாடி பாடியோட பலத்துல ஒரு பங்கு, ஏர்பேக் விரியிறப்ப தாங்குறதும் அதுதான். அங்க இந்தக் கயிறு வித்தை எல்லாம் வேணாம். முறையா பிரைமர் போட்டு ஒட்டத் தெரிஞ்ச கண்ணாடிக் கடைக்கே போங்க, பசை காய அவங்க சொல்ற நேரம் வரைக்கும் வண்டியை எடுக்காதீங்க. அந்த வண்டியில சிலிகான் பூசுறது அசட்டுத்தனம் மட்டும் இல்ல, ஆபத்து.

வரப்போற பின்னூட்டங்களுக்கு முன்கூட்டியே பதில்

"மெக்கானிக் மேலயே பழி போடாதீங்க, அவரும் பொழைக்கணும்ல?" நூத்துக்கு நூறு ஒத்துக்கிறேன். ஒரு மணி நேர வேலைக்குக் காசு குடுக்கிற நாமதான் ரெண்டு நாள் வேலைன்னு சொன்னா "ஒரு ஒழுகலுக்கா இவ்ளோ?"ன்னு அடுத்த கடைக்கு ஓடுறோம். உண்மையைச் சொல்றவனுக்கு வேலை போகுது, ட்யூப் வச்சிருக்கிறவனுக்கு வேலை கிடைக்குது. சிலிகான் கலாசாரத்தை வளர்த்துவிட்டதுல பாதிப் பங்கு கார் சொந்தக்காரங்களோடதுதான்.

"அவசரத்துக்கு, மழை நடுவுல, என்னய்யா பண்றது?" பிளாஸ்டிக் ஷீட்டைக் கண்ணாடி மேல விரிச்சு மேல் ஓரத்தை டேப் போட்டு ஒட்டுங்க. பாக்க அசிங்கமா இருக்கும். இருக்கட்டும். அந்த அசிங்கம்தான் தை மாசம் உங்களை ஒர்க் ஷாப்புக்குத் துரத்தும். சிலிகானோட பெரிய பாவமே அது பிரச்சினை முடிஞ்ச மாதிரி காட்டுறதுதான்.

"பழைய தகர டப்பாவுக்கு எதுக்குய்யா இவ்ளோ செலவு? ஸ்கிராப்புக்குப் போடு." இந்த அறிவுரை சொல்றவங்க கொஞ்சம் கணக்கும் பாருங்க. தனியார் கார் 15 வருஷம் ஆனதும் ஆர்.சி. புதுப்பிக்கணும், அதுக்கப்புறம் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை. முன்னாடி 600 ரூபாயா இருந்த கட்டணம் 2022 ஏப்ரல்ல 5000 ஆச்சு. 2025ல 20 வருஷம் தாண்டின கார்களுக்கு 10,000 ஆக்கினாங்க. இனிமே பழைய வண்டி வச்சிருக்கிறவன் ஒவ்வொரு அஞ்சு வருஷமும் பரீட்சை எழுதியே ஆகணும். எஞ்சினுக்கு பாகம் கிடைக்கும். பிரேக்குக்குக் கிடைக்கும். உளுத்த தரைக்கும் கண்ணாடிச் சட்டத்துக்கும் கடையில பாக்கெட்டுல பாகம் விக்கிறதில்ல. அதிகாரி குனிஞ்சு பாத்து "தரை எங்கய்யா?"ன்னு கேட்டா, சிலிகான் பூசின பில்லையா நீட்டுவீங்க?

காசு இருக்கிறவன் விண்டேஜ் ரேலியில பளபளன்னு நிறுத்துவான். அவனுக்கு இந்தப் பதிவு தேவையில்ல. வீட்டுல ஒரே வண்டி, அதுவும் பழசு, அதை இன்னும் பத்து வருஷம் ஓட்டியாகணும்னு இருக்கிறவனுக்குத்தான் சொல்றேன். உங்க வண்டிக்குள்ள தண்ணி வந்தா அது உங்களுக்கு ஏதோ சொல்ல வருது. அது வாயில பஞ்சு வச்சு அடைக்காதீங்க. பீடிங்கைக் கழட்டுங்க, உள்ள என்ன இருக்குன்னு கண்ணால பாருங்க, பாத்ததுக்கப்புறம் முடிவு பண்ணுங்க. கோடை நாலு மாசம் சும்மாதானே கிடக்கு?

டிஸ்கி 1: இதைப் படிச்சிட்டு நேரா கார்கிட்ட போய் ஸ்க்ரூ ட்ரைவரால நெம்பினா கம்பெனி பொறுப்பாகாது. மரக்கட்டை, மரக்கட்டை, மரக்கட்டை!

டிஸ்கி 2: "நான் அஞ்சு வருஷம் முன்னாடி சிலிகான் போட்டேன், இன்னிக்கு வரைக்கும் ஒரு சொட்டு ஒழுகல"ன்னு சொல்ல வர்ற நண்பர்கள், தயவுசெஞ்சு மேட்டைத் தூக்கித் தரையைத் தடவிப் பாத்துட்டு வந்து பின்னூட்டம் போடவும். காத்திருக்கேன் :-))